படகில் தூவிய மணல்

வியாழன் இரவு.

தம்பி வாங்கிய பழைய ஃபைபர் பாய்மரப் படகு, காளவாசலில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. அதன் தேய்ந்த மேல்தளத்துக்கு, வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் செல்வம் அண்ணன் நேற்று பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். கால் வழுக்காமலிருக்க, ஈரம் காய்வதற்குள் நான் அதன் மேல் மணல் தூவினேன். இன்று பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் தளம் கண்ணாடிபோல் மின்னுகிறது.

“காத்துல அம்புட்டு மண்ணும் வந்து ஒட்டிக்கிருச்சு டீச்சர். காலையிலருந்து தேச்சு எடுத்துட்டு இன்னொரு கோட் அடிச்சுட்டேன்” என்றார் செல்வம் அண்ணன். மதியம் சாப்பிடக்கூட இல்லையாம்.

மணலைப் பற்றி அவரிடம் சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு. “நல்லாருக்குண்ணே” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் விளங்கவில்லை.

தம்பிக்குப் போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டபம் கடலில் அவன் இதன் மேல் ஈரக்காலோடு நிற்பான்.