முகம் வருவதற்கு முன்னால்

அன்புள்ள வாயாடிக்கு,

உன் புருஷன் எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். உன் நலம் பற்றிப் பதில் போடு. போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ அழுவாய், நான் கத்துவேன், உன் தையல் கம்பெனி சூப்பர்வைசர் வந்து போனைப் பிடுங்குவான். அதனால்தான் கடிதம்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. உன் தம்பி ஷூட்டிங்கில் விழுந்துவிட்டான். உயிருக்கு ஒன்றுமில்லை. பேசுகிறான், சாப்பிடுகிறான், ஊசி போட வரும் நர்ஸிடம் வம்பிழுக்கிறான். இடுப்புக்குக் கீழே மட்டும் உணர்ச்சி இல்லை. முதுகெலும்பில் ஆபரேஷன் செய்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். ஆபரேஷன் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். கம்பெனியோ, அப்படி ஒரு ஆளே தங்களிடம் வேலை செய்யவில்லை என்கிறது.

எப்படி நடந்தது என்று கேட்பாய். ஹீரோ என்ட்ரியில்தான். உனக்குத் தெரிந்ததுதானே, அவரை எடுத்த எடுப்பில் முழுசாகக் காட்டமாட்டார்கள். கார் கதவு திறக்கும். ஷூ இறங்கும். புழுதி பறக்கும். அப்புறம் கை, அப்புறம் முதுகு. கூட்டம் விலகி வழிவிடும். கடைசியில்தான் முகம் திரும்பும். முகத்துக்கு முன்னால் வருகிற எல்லாமே நம் குடும்பம்தான். ஷூ உன் தம்பி, முதுகு நான். முகத்தை மட்டும் அவர் இன்னொரு நாள் கேரவனிலிருந்து இறங்கி வந்து, ஃபேன் காற்றில் முடியைப் பறக்கவிட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். போன படத்துக்குப் போனபோது பாப்பா சீட்டில் ஏறி நின்று "அது எங்கப்பா முதுகு!" என்று கத்தினாளே, பின்வரிசைக்காரன் "உக்காரும்மா, எல்லா அப்பாவுக்கும் முதுகு இருக்கு" என்றானே. அந்த டூப் வேலைதான்.

இந்த முறை டைரக்டருக்கு யாரும் பார்க்காத என்ட்ரி வேண்டுமாம். சந்தை செட். மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஹீரோ குதிக்கிறார், எழுந்து கூட்டத்துக்கு நடுவே நடக்கிறார், திரும்புகிறார். குதிப்பது உன் தம்பி, நடப்பது நான். கீழே அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போட்டிருந்தார்கள். ஒத்திகையில் பூனை மாதிரி இறங்கினான். டேக் போகும் நேரத்தில் டைரக்டர் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "பெட்டி ஓரம் ஃபிரேம்ல தெரியுது, தள்ளுங்கப்பா" என்றார். தள்ளினார்கள். மாடியில் மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவனுக்குக் கீழே எதுவும் தெரியாது. அவனிடம் யாரும் சொல்லவுமில்லை. நான் கூட்டத்தின் மறுகோடியில், காய்கறி வண்டிக்குப் பின்னால், என் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அடுத்து கேட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

டைரக்டர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "கண்ணாடி ஷாட் கிடைச்சுதா?" கேமராமேன் தலையாட்டினார். கிடைத்துவிட்டது.

கம்பெனி காரெல்லாம் பிஸியாம். ஃபைட் மாஸ்டரும் நானும் சாமான் வண்டியில் மெத்தையை விரித்து அவனைக் கொண்டுபோனோம். வழியில் கண்ணைத் திறந்து, "மாமா, லேண்டிங் எப்படி?" என்றான். "சூப்பர்டா" என்றேன். வேறென்ன சொல்லட்டும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜர் வார்டுக்கு வந்தார். ஒரு சாத்துக்குடிகூட வாங்கி வரவில்லை. என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார். "பையன் வேடிக்கை பார்க்க வந்தவன், விளையாட்டா மாடி ஏறிக் குதிச்சிட்டான். யார் கேட்டாலும் அப்படியே சொல்லு. சார் உன்னைப் பத்தி நல்லவிதமா பேசினார். இனி சார் படம் எல்லாத்துக்கும் நீதான் முதுகு" என்றார். ஸ்டண்ட் சங்கத்தில் கேட்டால், செட்டில் இருந்த யாராவது ஒருவர் வந்து நடந்ததைச் சொன்னால்தான் கேஸ் எடுக்க முடியும் என்கிறார்கள். ஃபைட் மாஸ்டருக்கு இரண்டு பெண்கள், கல்யாண வயசு. தரையைப் பார்க்கிறார். மற்றவர்களும் தரையைத்தான் பார்க்கிறார்கள். தரை அப்படி என்ன அழகோ!

என்ன செய்யட்டும்? சட்டென்று பதில் போடு. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் புருஷன்

*

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாள் முழுக்கக் கண்ணீர்க் கறை, எழுத்தெல்லாம் கலைந்திருந்தாலும் கட்டளை மட்டும் தெளிவாக இருந்தது. "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க. உங்க வேலையும் போச்சுன்னா அவனுக்கு மருந்து யார் வாங்குறது?" நியாயம்தான். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஷூட்டிங்குக்குப் போனேன். வாயை மூடிக்கொள்வது என்ற முடிவோடுதான் போனேன். நம்பு.

மிச்ச என்ட்ரியை எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். காஸ்ட்யூமர் சட்டையைக் கொடுத்தார். உன் தம்பி போட்டுக் குதித்த அதே சட்டை. கழுவி இஸ்திரி போட்டு, முழங்கையில் கண்ணாடி கிழித்த இடத்தைத் தைத்திருந்தார்கள். நீ தைத்திருந்தால் தையல் தெரிந்திருக்காது. தெரிந்தது. சிமெண்ட் தரையையும் கழுவியிருந்தார்கள். பெட்டிகள் ஒரு மூலையில் பத்திரமாக அடுக்கப்பட்டிருந்தன, இனி யாருக்கும் தேவையில்லாததால்.

சந்தைக் கூட்டமாக நிற்க வந்தவர்களை உனக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் லாரியில் ஏற்றி வருவார்கள், வெயிலில் நிறுத்துவார்கள், கும்பிடு என்றால் கும்பிடவும் ஓடு என்றால் ஓடவும் வேண்டும். உதவி டைரக்டர் மைக்கில் பாடம் நடத்தினார்: "இப்ப முதுகு நடந்து வரும், வழி விடணும். தரையில போட்ட கோட்டுல நிக்கும், கட். அப்புறம் சார் வந்து அதே இடத்துல நின்னு திரும்புவார். முகம் திரும்பினதும் விசில், கைத்தட்டல். செட்டு அதிரணும்!" ஒத்திகையும் நடந்தது. சாருக்குப் பதில் உதவி டைரக்டரே நின்று திரும்பித் திரும்பிக் காட்டினார். அவர் மூஞ்சிக்கும் விசிலடித்தார்கள், பாவம்.

ஆக்‌ஷன் சொன்னார்கள். நடந்தேன். கூட்டம் விலகியது. அவன் விழுந்த இடத்தைத் தாண்டித்தான் கோடு. அந்த இடத்தில் கால் வைக்காமல் சுற்றிப் போக முடியாது, ஃபிரேம் கெட்டுவிடும். மிதித்தேன். வாயாடி, அதை மிதித்துவிட்டுக் கோட்டில் போய் நிற்க என் உடம்பு ஒப்பவில்லை. அங்கேயே நின்றேன். திரும்பிவிட்டேன்.

என் முழு முகமும் கேமராவைப் பார்த்தது. அப்போது நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். முகம் திரும்பியதும் விசில் என்றுதானே பாடம்? அடித்துவிட்டார்கள்! செட்டு அதிர்ந்தது. எவனோ குல்லாவைத் தூக்கி மேலே எறிந்தான். இத்தனை படம் நடந்திருக்கிறேன், என் மூஞ்சிக்கு விழுந்த முதல் விசில் அது. யாருடைய முகம் என்று கவனிப்பதற்குள் டைரக்டர் "டேய், எவன்டா உன்னைத் திரும்பச் சொன்னது?" என்று மைக்கில் அலறினார். அமைதியானது.

அந்த அமைதியில் எனக்குப் பேச்சு வந்தது. பெரிய வசனமெல்லாம் இல்லை. "இந்தச் சட்டையைப் போட்டுக் குதிச்சவன் என் மச்சான். பெட்டியைத் தள்ளினதை அவன்கிட்ட யாரும் சொல்லலை. இப்ப அவன் இங்க வேலையே பார்க்கலைன்னு சொல்றாங்க" என்றேன்.

பூக்காரி வேஷத்தில் நின்ற அம்மா கூடையை இறக்கி வைத்தார். "ஐயோ, அந்தப் புள்ள எழுந்து நடக்குதுன்னு இல்ல சொன்னாங்க?" என்றார். மேனேஜர் ஓடி வந்து, "அவன் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன்மா, நீங்க பொசிஷனுக்குப் போங்க" என்றார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு ஹீரோ சட்டையை யாருய்யா மாட்டிவிட்டது?"

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்த அம்மா கூடைக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மொத்தச் சந்தையும் தரையில். சார் மேக்கப்போடு கேரவனில் காத்திருக்கிறார், ஃபேன் சுற்றுகிறது, ஆனால் வழிவிட ஆளில்லை, விசிலடிக்க ஆளில்லை. கூட்டம் இல்லாமல் எவனுக்கடி என்ட்ரி? அன்றுதான் எனக்கே அது உறைத்தது. வெயில் சாய்கிற நேரத்தில் ஃபைட் மாஸ்டர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "பெட்டியைத் தள்ளச் சொன்னதை நானும் கேட்டேன். சங்கத்துல சொல்றேன்" என்றார்.

ஆபரேஷன் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. கருணை அடிப்படையிலாம்! அவர்கள் மேல் தப்பே இல்லையாம், சார் பெரிய மனசு பண்ணினாராம். பேப்பரில் அவர் படத்தோடு செய்தி வந்திருக்கிறது. அங்கேயும் முகம் அவருடையதுதான். அதற்கு மேல் வர வேண்டிய நஷ்டஈட்டுக்குச் சங்கத்தில் கேஸ் எடுத்திருக்கிறார்கள். என்னை அன்றே அனுப்பிவிட்டார்கள். இனி எந்தக் கம்பெனியும் என் முதுகைக் கேட்காது. ஒரு குடோனில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்திருக்கிறது, அதற்கும் முதுகுதான் வேண்டும். நீ சொன்னதைக் கேட்கவில்லை. வந்து ஆசை தீரத் திட்டு.

ஆபரேஷன் முடிந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து பாப்பா அவனுக்குக் கதை சொல்கிறாள். "அக்காகிட்ட ஒண்ணும் எழுதாதீங்க மாமா" என்றுதான் முதலில் சொன்னான். டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதை நேரில் சொல்கிறேன். உனக்கு லீவு கிடைத்துவிட்டது என்று அவனிடம் சொன்னதிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதையாவது நீ கேள். வார்டுக்குள் வரும்போது, சினிமாவில் காட்டுகிற மாதிரி காலிலிருந்து பார்க்காதே. நேராக அவன் முகத்தைப் பார். சிரி, அல்லது திட்டு, வாயில் வந்ததைப் பேசு. கால் எங்கேயும் போய்விடாது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்துப் பத்திரமாக வந்து சேர்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
முதுகு