ஒரு மணி நேரம் குறையும் ஞாயிறு

மார்ச் 7, சனிக்கிழமை, காலை ஒன்பது ஐம்பது, பெர்லின். நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நான்காவது தடவையாகப் பார்த்துவிட்டேன்.

அன்புள்ள வீப்கே, நான் நன்றாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும், அம்மாவைப் பற்றியும் அதே வரியை எழுதப் போனேன், கை வரவில்லை. அதற்கு வருகிறேன், முதலில் ரயில். இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை மாலை ஸ்டாக்ஹோமில் ஏறுகிறாய், ஞாயிறு விடியலில் ஹாம்பர்க், அங்கே நாற்பது நிமிடத்தில் வண்டி மாறி ஒன்பது மணிக்கெல்லாம் பெர்லின். செயலி சரி என்றது, நீயும் டிக்கெட் வாங்கிவிட்டாய். அந்த ராத்திரிதான் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறோம் என்பது உனக்கும் தோன்றவில்லை, செயலிக்கும் தோன்றவில்லை. ரயில் பறந்து வந்து அந்த ஒரு மணி நேரத்தை ஈடுகட்டாது. வருடா வருடம் அன்றைக்கு சிக்னல் அறையில் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன், ராத்திரி வண்டி ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் பிந்தித்தான் வரும், ஹாம்பர்க்கில் உன் வண்டி போயிருக்கும், அடுத்ததில் ஏறினால் நீ இங்கே வந்து இறங்கும்போது பதினொன்றரை. முன்னாடியே கிளம்பி வா என்றதற்கு, அரை நாள் போனால் என்னப்பா, எதுக்கு டென்ஷன் ஆகுறீங்க என்று போன தடவை போனில் சிரித்தாய். திங்கட்கிழமை அம்மாவுக்கு நடக்கப்போவது சின்ன ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டிருப்பதால் சிரித்தாய். சின்னது இல்லை. குரல்வளையில் கட்டி, அதோடு ஒரு பக்கத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். உயிருக்கு பயம் இல்லை, குரலுக்கு உறுதி சொல்ல முடியாது, திரும்பி வந்தாலும் இதே குரலாக இருக்காது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஞாயிறு பதினொரு மணிக்கு அவளைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்கள், அதற்கப்புறம் பேசக் கூடாது. ஆக, நீ பதினொன்றரைக்கு வந்தால் அம்மாவைப் பார்க்கலாம், அவள் குரலைக் கேட்க முடியாது.

இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்பது அவள் உத்தரவு. உன் கட்டடக்கலை பிராஜெக்ட் இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் முடிகிற வரை நீ நிம்மதியாக இருக்க வேண்டுமாம். பள்ளியில் இப்போது மணியடித்துத்தான் பிள்ளைகளை அடக்குகிறாள், வீட்டில் என்னை அடக்க மட்டும் குரல் எப்படியோ வந்துவிடுகிறது. "ஹென்னிங், போன்ல அவகிட்ட வாயத் திறந்தே, உன் சிக்னல் ரூம்லயே படுத்துக்கோ, வீட்டுக்கு வராதே" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். போனில் சொல்லவில்லை, எழுதுகிறேன். நேற்று அவள் குளிக்கும்போது பாடுவாளே, அது கேட்கவில்லை என்று கதவருகே போய் நின்றேன். உள்ளே தண்ணீர் சத்தம் மட்டும். அப்போதுதான் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

விமானம் ஏற மாட்டேன் என்ற உன் பிடிவாதத்தில் நான் தலையிடவில்லை, அந்தச் சண்டை வேறு நாளைக்கு. பிராஜெக்ட் முடிந்ததும் நண்பர்களோடு விருந்து என்றாய். அதை விட்டுவிட்டு வெள்ளி மாலையே ஏறு. கீழ்ப் படுக்கை கேள், சாப்பிட ஏதாவது கட்டி எடுத்துக்கொள், வெறும் காபியில் ஓட்டாதே. பிராஜெக்டை சொதப்பாதே, சொதப்பினால் அவள் என்னைத்தான் கொல்லுவாள். நல்லபடியாக வந்து சேர், மகளே, உனக்கு எல்லாம் நல்லதாக நடக்கட்டும்.

உன் அப்பா,
ஹென்னிங்

இனி நான் செய்யப்போவது:
1. உன் சனிக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்து வெள்ளிக்கு எடுப்பேன்.
2. சனி காலை ஹாம்பர்க் நடைமேடையில் நானே நிற்பேன். வண்டி மாறுவதில் செயலியை நம்ப மாட்டேன்.
3. வாக்கை மீறியதை நீ கதவைத் தட்டுவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.
4. அவள் நம் இருவரையும் திட்டத் தொடங்குவாள். ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டேன், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.