எழுபது என்று எழுதி எண்பதில் வளர்த்தவனுக்கு

அன்பு மாப்ள அன்வர்,

உன் பூச்சி பிழைத்துக்கொண்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நீ எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆழ்கடலின் அடியில் வெந்நீர் பீறிடும் இடத்திலிருந்து நீ கப்பலில் கொண்டுவந்த மண்ணில் கிடைத்த பாக்டீரியா, மூன்று குழாய்களில் ஃபிரிட்ஜில் தூங்கிக்கொண்டிருந்தது. ராமநாதபுரத்து வெயிலையே திட்டிக்கொண்டு திரிந்தவனுக்கு, கொதிநீரில் வாழ்கிற ஒன்றின்மேல் எப்படித்தான் அத்தனை ஆசை வந்ததோ?

அது புது இனம் என்று உலகம் ஒப்புக்கொள்ள, இரண்டு நாட்டு நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் அதை உயிரோடு ஒப்படைக்க வேண்டும். உனக்குத் தெரியாததா? உன் நோட்டில் 'எழுபது டிகிரி' என்று இருந்தது. நீ போன பிறகு வாங்கிய புது இன்குபேட்டரில் சூட்டை எழுபதில் வைத்து வளர்த்துப் பார்த்தேன். முதல் குழாயிலிருந்து எடுத்தது வளரவே இல்லை. இரண்டாவதும் அப்படியே.

ஆய்வுக்கூடத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. "அப்படி ஒண்ணு இருந்துச்சான்னே தெரியலையே" என்றார் ஒருவர். நான் சண்டைக்குப் போனேன். ஆனால் மாப்ள, ஒரு வாரம் நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மனசு கேட்காமல் கீழக்கரைக்கு உன் உம்மாவைப் பார்க்கப் போனேன். டீ கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பஸ் போயிருக்குமே என்று பதறி எழுந்தேன்.

"உக்காருங்க தம்பி. அது பத்து நிமிசம் கூட ஓடும். அவன் இருக்கயிலேயே அப்படித்தேன். நாங்க மனசுலயே கழிச்சிக்கிருவோம்."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எதையும் திருத்துகிற ஆளா நீ? உன் பைக்கில் பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டினால், காலி என்று இறங்கித் தள்ளுவாய்.

மறுநாள் ஸ்டோர் ரூமில் கிடந்த உன் பழைய இன்குபேட்டரைத் தூக்கி வந்தேன். முள்ளை எழுபதில் திருப்பி, உள்ளே தெர்மாமீட்டரை வைத்தேன். எண்பத்தொன்று. அட படுபாவி, முள் காட்டியதை நோட்டில் எழுதிவிட்டு, மீதியை மண்டையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டாயே.

கடைசிக் குழாயிலிருந்து எடுத்து எண்பத்தொன்றில் வைத்தேன். இரண்டாம் நாள் காலையில் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கியிருந்தது. எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பத்திரமாக வந்து சேர்ந்தது என்று இரண்டு நாட்டிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. அதைப் பற்றிய கட்டுரையையும் ஏற்றுக்கொண்டார்கள். அதன் பெயரின் பின்பாதியில் நீ இருக்கிறாய். "எம் பேரையெல்லாம் வச்சிராத மாப்ள" என்று நீ சொன்னது மறக்கவில்லை. நீ இல்லாத தைரியத்தில் வைத்துவிட்டேன்.

உம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அம்புட்டுக் கொதியிலயா கெடக்கு எம்புள்ள பேரு?" என்றார். பிறகு, "சூடு கொறைஞ்சிராமப் பாத்துக்கங்க தம்பி" என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் மாப்ள. மாசாமாசம் புதுக் குழாய்க்கு மாற்றுவேன். தெர்மாமீட்டர் சொல்வதைத்தான் நோட்டில் எழுதுவேன். உங்கள் வீட்டுக் கடிகாரத்தை மட்டும் யாரையும் திருத்த விடமாட்டேன்.

பத்து நிமிஷத்தைக் கழித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட
உன் மாப்ள
முனியசாமி