வெறுங்கையால் பந்து பிடித்தவன்

04.10.2004, திங்கள்

மழை. இடது கையால் எழுத்து, கோழிக் கிறுக்கல். வலது கையில் இரண்டு விரல் போய்ப் பன்னிரண்டு நாள்.

பின்னேரம் அண்ணை வந்தார். எங்கள் தகரத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர், தமிழ் மாத இதழின் ஆசிரியரும் அவரே. ஒரு பை தோடம்பழம். விபத்துப் படிவமும், ஜெர்மன் மொழியில் நிரப்பியபடி.

"வாசிக்கத் தேவையில்லைத் தம்பி. கீழ கையெழுத்தை மட்டும் வையும்."

இந்த ஊர்த் தமிழர் எல்லாருடைய விண்ணப்பமும் அவர்தான் நிரப்புவது. வாசிக்காமல் ஒப்பமிடுவதே வழக்கம். என் அகதி மனுவும் அப்படித்தான். கட்டு அவிழட்டும் என்றேன். படிவத்தை வைத்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு நல்ல சந்தோஷம்.

06.10, புதன்

வெயில். நோவுக்குக் குளிசை மூன்று. இல்லாத விரலில் கடி, சொறிய இடமில்லை.

இதழ் வந்தது, என் கட்டுரையோடு. நூற்றிருபது வருடத்துக்கு முன் இந்த ஊரிலிருந்து அமெரிக்கா போய், சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடியவனின் வாழ்க்கை. சனிக்கிழமைகளில் நான் புல் வெட்டும் விளையாட்டுக் கிளப்பில் அவன் படம் தொங்குகிறது. அங்கே கேட்டுக் கேட்டு எழுதியது. எறிகிற பந்தை, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து வெறுங்கையால் பிடிப்பான். எட்டு வருடத்தில் ஏழு விரல் முறிவு. உன் கவனக்குறைவு என்று முதலாளி துரத்திவிட்டான். பிறகு பியர் ஆலையில் பீப்பா கழுவிச் செத்தான்.

அண்ணை அச்சடித்தது: கிரிக்கெட் வீரர். விக்கெட் காப்பாளர். கையில் கையுறை! முதலாளி வந்த வரி எல்லாம் வெட்டு. 'விடாமுயற்சியால் புகழோடு வாழ்ந்தார்.' விசர் மனுசன்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"எங்கட சனத்துக்கு பேஸ்போல் தெரியுமே? விக்கெட் கீப்பர் எண்டா கையுறை போடுவார்தானே?"

"அவனுக்கு ஒருத்தரும் குடுக்கேல்லை அண்ணை."

"அது வாசிக்கிற ஆக்களுக்குத் தேவையில்லை."

07.10, வியாழன்

குளிர். மனைவியிடம் படிவத்தைக் கொடுத்தேன். அகராதியோடு ஒரு மணித்தியாலம் இருந்து வாசித்தாள். 'மெஷினின் காப்புத் தகட்டைத் தொழிலாளி தானே கழற்றினார்.'

தகடு உடைந்து மூன்று கிழமை, விபத்துக்கு முன்பே. இரண்டு தரம் அண்ணையிடமே சொன்னேன். "சமாளியும்" என்றார். இதில் ஒப்பமிட்டால் வேலையும் போகும், நட்டஈடும் போகும். தோடம்பழம் குப்பையில்.

08.10, வெள்ளி

பனிப்புகார். அண்ணை மைப்பெட்டியோடு வந்தார்.

"பெருவிரல் இருக்குத்தானே? அதை வையும்."

"தேவையில்லை அண்ணை. நடந்ததை நானே எழுதி, காலமை காப்புறுதிக் கம்பனிக்குத் தபாலில போட்டிட்டன்."

"நீரோ? ஜெர்மனிலயோ? முழுக்கப் பிழையா இருக்குமே. என்னட்டைத் தந்திருந்தா..."

"ஓம். நீங்கள் திருத்த முதலே போயிட்டுது."