வயிற்றில் சூடு

1982 ஜூன் 14, திங்கள்

விடியும்போதே மழை. மேசைக்கு மேல் ஒழுகல். தட்டச்சுப் பொறியைச் சுவரோரம் நகர்த்தியாயிற்று. மிளகுச் சந்தைச் செய்தி மதியத்துக்குள் எர்ணாகுளம் பத்திரிகை அலுவலகத்துக்கு. ரிப்பன் வாங்க வேண்டும்.

கீழ்வீட்டு சபீனா மாடியேறி வந்தாள். கணவன் ஷார்ஜாவில், ஓட்டல் சமையலறையில். மகள் நசி, ஐந்து வயது. இன்று பள்ளியில் மறுபடி ஒரு பிள்ளையைக் கடித்திருக்கிறாள். டீச்சர் சொன்னது: "இனியும் கடிச்சா இவளெ இவிடெ இருத்தான் பற்றில்லா." பள்ளியில் வைத்துக்கொள்ள முடியாதாம்.

"ஊரையே பேச வெக்கிறீங்க சார். இவளையும் ஒண்ணு பேச வெச்சுப் பாருங்களேன்."

இதுவரை கடிபட்டவை: பள்ளியில் இரண்டு பிள்ளைகள். வீட்டில் மாமி, அதாவது நசியின் அத்தாவுக்கு, அவள் அப்பாவுக்கு, அக்கா. வீடு அவர் சொல்படி. ஒரு தலையணை. டேப் ரெக்கார்டரின் தோல் வார்.

ஜூன் 16, புதன்

மழை விட்டு விட்டு. நசியோடு மாடிப்படியில் அரை மணி. பேட்டி எடுப்பதுபோலத்தான். யாரை, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது. கடலைமிட்டாய் மட்டும் தீர்ந்தது.

"கடிக்கிறதுக்கு முந்தி உனக்கு எங்க என்ன ஆகுது?"

வயிற்றைத் தொட்டாள். "இங்க சூடாவுது, மாடி மாமா."

"அதுக்குப் பேரு கோபம்."

"இல்ல. சூடு."

சரி, சூடு. ஒப்பந்தம்: சூடு வந்தால் கடிக்காமல் பெரியவர் யாரிடமாவது சொல்ல வேண்டும். தலையாட்டினாள்.

சபீனாவிடம் விசாரித்ததில், முதல் கடி, அத்தா பேசி அனுப்பிய காசெட்டுக்குப் பதில் காசெட் ஷார்ஜா போன மறுநாள். அத்தாவை நினைத்து ஏக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

ஜூன் 18, வெள்ளி

விடுப்பில் வந்தவர் ஒருவர் கையில் நசியின் அத்தா பேசி அனுப்பிய காசெட். பள்ளி விட்டு வந்ததிலிருந்து நசி டேப்பின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறாள். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. மாடிவரை கேட்கிறது.

மாலையில் ஓடி வந்தாள். "மாடி மாமா, சூடு." பக்கத்து வீட்டுப் பிள்ளை குடையைப் பிடுங்கியதாம். அருகில் உட்காரவைத்தேன். என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆறிவிட்டது. கடி இல்லை.

பொத்தான் கழன்றது. தைக்க வேண்டும். எனக்கே சற்று நம்பிக்கை.

ஜூன் 20, ஞாயிறு

நாளை ஒருவர் ஷார்ஜா திரும்புகிறார். வழக்கம்போல வந்த காசெட்டிலேயே பதில் பேசி அனுப்புவது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் டேப்பைச் சுற்றி. பதிவு செய்யும் சிவப்புப் பொத்தான் மேல் மாமியின் விரல்.

நசி மாமியின் கையைப் பிடித்தாள். "மாமி, சூடு."

"சூடா? அப்போ ஒன் வயித்துலயே சாயா போடலாம், மோளே."

சிரிப்பு. சபீனாவும் சிரித்தாள். நசி இன்னும் இரண்டு முறை சொன்னாள், சூடு மாமி, சூடு. மாமி பொத்தானை அமுக்கிப் பேசத் தொடங்கினார். கடைசி வார்த்தை முடிகிறவரை நசி அசையவில்லை. பிறகு மாமியின் கையில் கடி. ரத்தம். நசியின் முதுகில் இரண்டு அடி.

படிக்குக் கூட்டிவந்து கேட்டேன்.

"செவப்பு அமுக்குனா அத்தா போயிருவாங்க. போன தடவையும் போனாங்க."

கீழே போய்ப் போட்டுக் கேட்டோம். நாடாவை முழுக்கப் பின்னால் சுற்றாமல் பதிந்ததால் தொடக்கம் மட்டும் தப்பியிருந்தது. "நசிக்குட்டி, அத்தா வந்து..." அதன்மேல் மாமி: "இங்க மழை ஜாஸ்தி. கூரையெல்லாம் ஒழுகுது."

வந்து என்ன? நசிக்குத் தெரியும். கேட்க மனம் வரவில்லை.

ஜூன் 22, செவ்வாய்

பஜார் ரோட்டில் புதுக் காசெட் இரண்டு. சபீனாவிடம் கொடுத்து, இனி வருகிறதை அழிக்க வேண்டாம் என்றேன்.

"எனக்கு மட்டும் அதை வெச்சுக் கேக்க ஆசையில்லையா சார்?" தாழ்ந்த குரல்.

உள்ளிருந்து மாமி, கையில் கட்டோடு: "எந்தா சாரே, கடிச்சதுக்குச் சம்மானமா?" பிறகு, வெளியே வந்து நின்று: "எந்தம்பி அங்க அடுப்புல வேவுறான். பிள்ளை நல்லா இருக்குன்னு கேட்டாத்தான் தூங்குவான். சூடு கீடு எல்லாம் வேணாம். நல்லா இருக்கேன்னு சொல்லப் பழக்குங்க, அது மதி, போதும்."

மாடியேறினேன்.

ஜூன் 27, ஞாயிறு

நோன்பு தொடங்கிவிட்டது. பகலில் தெரு அமைதி.

நசி குரல் இல்லாமல் போன காசெட்டுக்கு ஈடாக, இன்று இன்னொன்று. புதியது.

"இதுல யாரும் இல்ல நசி. வெறும் காசெட்."

"தெரியும்."

மாமி அமுக்க, நசி ஒரே மூச்சில்: "அத்தா, நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? நான் நல்லாப் படிக்கிறேன்." பிசகே இல்லை. மாமி கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். டீச்சருக்கும் திருப்தியாம். ஒரு வாரமாகக் கடியில்லை. "இப்போ நல்ல குட்டியாயி," நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்றாராம்.

மாடிக்கு மட்டும் அவள் வருவதில்லை.

ஜூன் 29, செவ்வாய்

மழை. ரிப்பன் இன்றும் மறந்தது. எழுத்துகள் வெளிறி வருகின்றன.

சாயங்காலம் நசி படியில். இடது கை பாவாடை மடிப்புக்குள். மிட்டாய் நீட்டினேன், வலது கையை நீட்டினாள். மற்றதையும் காட்டச் சொன்னேன். மணிக்கட்டுக்கு மேல் பல் தடம், வளைவாக இரண்டு வரிசை. சின்னப் பற்கள். சில ஆறியவை, சில இன்றையவை.

"சூடா நசி?"

"இல்ல, மாடி மாமா. நான் நல்லா இருக்கேன்."

காசெட்டில் சொன்ன அதே குரல்.