நான் சொன்ன காய்

வீட்டில் எல்லோரும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாம் சிறுமிகளாகப் பாண்டி ஆடிய படத்தில் ஒற்றைக் காலில் நிற்பவள் நான் அல்ல, நீ. என் கான்வென்ட் ரிப்பன் உன் சடையில் இருப்பதால் வந்த குழப்பம். என் கணவர் இருந்தவரை, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டம்மா எப்படித் தாவறா பாருங்க" என்பார். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் சும்மா இருந்தேன். இனி முடியாது. அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தை நேற்றுப் பேரன் கதவளவு பெரிதாக்கிக் கொண்டுவந்துவிட்டான். உன் கால் விரல்களை எண்ண முடிகிறதடி!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் ஓர் ஆடிக் கிருத்திகை. ஹாஸ்டலிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருந்தேன். அப்பாவோடு ரயில்வேயில் இருந்தவர் அரக்கோணத்திலிருந்து கேமராவுடன் வந்தார். காவடிகளை விட்டுவிட்டு, குளத்தங்கரையில் பாண்டி ஆடிய நம்மைப் படம் பிடித்தார். முதல் ஆட்டத்தில் என் நீல ரிப்பனை நீ வென்று கட்டிக்கொண்டாய். அடுத்ததில் தோற்றால் திருப்பித் தர வேண்டும்.

கடைசிச் சுற்று. கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குத் தூக்கிக் கட்டம் கட்டமாக வந்தாய். கால் கட்டத்துக்குள் இருந்தால் பழம். கோட்டில் பட்டால் காய்.

"காயா, பழமா?"

"காய்!"

"ஏமே, பொய் சொல்றே! நான் எங்க கோட்ட மிதிச்சேன்?"

"ஆங், மிதிச்சே. நான் பாத்துகினுதானே இருந்தேன்."

"கான்வென்ட்ல இதான் சொல்லிக் குடுக்கறாங்களா? இந்தா, உன் காய நீயே தின்னு!"

ரிப்பனை அவிழ்த்து என் மேல் எறிந்தாய். மறுநாள் நான் ரயிலுக்குக் கிளம்பியபோது உங்கள் வீட்டில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. நீ வெளியே வரவில்லை. பிறகு எத்தனையோ கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம், சிரித்தோம். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது படம் சொல்கிறது. உன் பாதம் முழுக்கக் கட்டத்துக்குள். குதிகாலுக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம்! பக்கத்தில் "காய்!" என்று வாயைத் திறந்தபடி நிற்கும் குட்டைப் பெண் நான். கோட்டில் படவில்லை என்று அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வருடக்கணக்கில் மாற்றிச் சொல்லி நானே அதை நம்பியும் விட்டேன்.

கூடத்தில் நின்று "பழம்! பழம்!" என்று கத்தினேன். மருமகள் ஓடிப்போய் பிரிட்ஜைத் திறந்தாள். படத்தின் கீழே பேரன் எழுதியிருந்த என் பெயரை அழிக்கச் சொல்லி, உன் பெயரை என் கையாலேயே எழுதினேன்.

நீதான் போய்விட்டாய்; இந்தப் படத்தின் நகல் ஒன்றை உன் மகளுக்கு அனுப்புகிறேன். அந்த ஆட்டத்தைப் பற்றி நீ அவளிடம் என்ன சொல்லியிருந்தாய்? எதையும் மறைக்காமல், கடிதமாகவே அவள் எனக்குப் பதில் எழுதட்டும்.