பொத்தானுக்குச் சனிக்கிழமை பத்து மணிவரை கெடு

வெள்ளிக்கிழமை, மதியம்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், நினைத்துக்கொள்ளத்தான் முடியும், நீதான் ஒன்பது நாளாக என் போனை எடுப்பதில்லையே. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய், பக்கத்தில் என் குரல் கேட்டதும் கிளாஸுக்கு நேரமாச்சு என்கிறாய், ராத்திரி எட்டு மணிக்கு என்ன கிளாஸோ தெரியவில்லை. உங்க பொண்ணுக்கு எழுதுங்க, காகிதத்துல கத்த முடியாது பாருங்க என்று நேற்று உன் அம்மாதான் சொன்னாள். அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், கருவிப் பெட்டியை மேஜையாக்கி உட்கார்ந்திருக்கிறேன். கையெல்லாம் கிரீஸ், கறை பட்டிருந்தால் கண்டுகொள்ளாதே.

சுற்றி வளைக்க எனக்கு வராது, விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை பத்து மணிக்குப் பல் டாக்டர் மாடியேறி நம் வீட்டுக்கு வருகிறார். வீட்டுக்காரர், கீழே கிளினிக் வைத்திருக்கிறார், அவர் தலைக்கு மேல் நாம் குடியிருக்கிறோம், கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. அவர் வந்து நிற்கும்போது உன் நாய்க்குட்டி பொத்தான் தரையில் ஒரு சொட்டு மூத்திரம் விட்டாலும் மாலைக்குள் நாய் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் நாம் வெளியேற வேண்டும், இதுதான் கெடு. கிடங்குக் காவலாளி ஒருவர் வெளியே சங்கிலியில் கட்டிப்போட ஒரு நாய் தேடுகிறார், அவரிடம் நான் சரி என்று தலையாட்டியும் விட்டேன். இவ்வளவும் போனில் சொன்னேன், நான் முடிப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். வைத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் நான் அன்று சொன்னது பாதிதான், எனக்குச் சாதகமான பாதி. மீதியைச் சொல்லத்தான் இது.

நீ படிக்கக் கிளம்பிப் போனதிலிருந்தே இந்தத் தொல்லை. நீ இருக்கும்போதும் இருந்திருக்கும், என் கண்ணில் படுவதற்குள் நீ துணியைப் போட்டுத் துடைத்திருப்பாய் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறப்பேன், பொத்தான் வாலோடு சேர்த்துப் பின்பாதி உடம்பையே ஆட்டிக்கொண்டு ஓடி வரும், பக்கத்தில் வந்ததும் காதை மடக்கி வயிற்றைத் தரையில் தேய்க்கும், அவ்வளவுதான், குளம். ஐந்து நிமிடம் முன்னால்தான் அம்மா வெளியே கூட்டிப்போய் வந்திருப்பாள், அப்படியும் குளம். வளர்ப்பு சரியில்லை என்றேன். வளர்த்தது உங்க பொண்ணு, அவளை வளர்த்தது யாரு என்றாள் உன் அம்மா. அதட்டிப் பார்த்தேன், மூக்கைப் பிடித்து ஈரத்தைக் காட்டினேன், கூடத்தான் செய்தது. எந்தப் பழுதாக இருந்தாலும் முதலில் எழுதி வைத்துப் பார்ப்பது என் வழக்கம், அதனால் தேதி, நேரம், யார் வந்தது, எத்தனை தடவை என்று கட்டம் போட்டு எழுதினேன். பதினான்கு நாளில் முப்பத்தொரு தடவை. அதில் இருபத்தாறு நான் வந்தபோது, மூன்று உன் சித்தி வந்தபோது, இரண்டு கூரியர்காரர் வந்தபோது, உன் அம்மா கணக்கில் பூஜ்யம். பார்த்தியா, என் மேலதான் அதுக்கு உசிரு என்று காட்டினேன். அம்மா கட்டத்தை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, உசிரா உதறலான்னு அதையே கேளுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் உன்னிடம் மறைத்தது. லிஃப்ட் குழியில் தண்ணீர் ஏறினால் கத்துவதற்கு ஒரு சின்னக் கருவி உண்டு, ஈரம் பட்டால் போதும், காது கிழியும். பழையது ஒன்று பட்டறையில் கிடந்தது, அதைக் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்தில் மிதியடிக்கு அடியில் வைத்தேன். ஈரம் பட்டதும் கத்தும், நாய் பயந்து நிறுத்திவிடும், இதுதான் என் கணக்கு. வயர் காலில் தட்டக் கூடாதென்று தரைப் பலகையில் ஒரு விரல் போகிற அளவு ஓட்டை போட்டு அடிவழியாக இழுத்தேன். சுத்தமான வேலை, பார்த்தால் வயர் இருப்பதே தெரியாது, நானே இரண்டு தடவை நின்று ரசித்தேன். மறுநாள் கதவைத் திறந்தேன், பொத்தான் வந்தது, ஈரம் பட்டது, கருவி கத்தியது, அதற்கு மேல் நானும் கத்தினேன். நாய் நிறுத்தவில்லை, மிச்சத்தையும் விட்டுக்கொண்டே அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. ஒரு குளம் மூன்று குளமானது. நானோ விடாக்கண்டன், பழக ஒரு வாரம் ஆகும் என்று வைத்திருந்தேன். எட்டாம் நாள் கீழே டாக்டர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார், அந்த ஆள் வாயைப் பிளந்து கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார், அவர் மூக்குக் கண்ணாடி மேல் ஒரு சொட்டு விழுந்தது. இரண்டு அங்குலம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டர் என்னிடம் மூன்று விதமாக விவரித்தார். பலகை இடுக்கு வழியாக இறங்கிவிட்டது என்று அவராக முடிவு செய்துகொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சொட்டு விழுந்தது இடுக்கு வழியாக இல்லை, நான் போட்ட ஓட்டை வழியாக. நாய் தரையைக் கெடுத்துவிட்டது என்று உன்னிடம் போனில் கத்தினேனே, கெடுத்தது நான்தான். அன்று ராத்திரி மிதியடியைத் தூக்கி அடியில் கிடந்த மரத்தூளைக் கூட்டிக்கொண்டே, ஓட்டையும் நாயா போட்டுச்சு என்று அம்மா கேட்டாள். இந்த வீட்டை விட்டால் இந்த வாடகைக்கு வேறு கிடைக்காது என்று அவளையும் வாயடைத்து வைத்திருக்கிறேன்.

நீ போனை வைத்த மறுநாள் நாய் டாக்டரம்மாவிடம் போனேன். சிறுநீரைச் சோதித்தார், கிருமி இல்லை, கல் இல்லை, வால்வில் பழுதும் இல்லை. வீட்டுக்கு எப்படிப் போவீங்களோ அப்படியே வெளியே போய் உள்ளே வாங்க என்றார். வந்தேன். கதவை எப்போதும்போலத் தள்ளி, பூட்ஸோடு மூன்று எட்டு வைத்து, என்னடா பண்ணே இன்னிக்கு என்று குனிந்தேன். அங்கேயே, அவர் தரையிலேயே, குளம். எனக்கு மானம் போயிற்று. அவர் சாதாரணமாகத் துடைத்துக்கொண்டே சொன்னார், இது திமிரும் இல்ல மறதியும் இல்ல, வர்றது அதுக்கே தெரியாது, உங்களைப் பாத்த சந்தோஷம் பாதி, நீங்க மரம் சாயற மாதிரி மேல குனியற பயம் பாதி, ரெண்டும் சேர்ந்தா பிடிச்சு வைக்க முடியாது, திட்டினா இன்னும் கூடும், வயசு ஏற ஏறக் குறையும். அதுவரை சத்தமில்லாமல் உள்ளே போக வேண்டும், நாயைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார வேண்டும், அதுவாக வந்தால் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சுப் பக்கம் சொறிந்துவிட வேண்டும், துடைக்கும்போது ஒரு வார்த்தை பேசக் கூடாது. எவ்வளவு நாளில் சரியாகும் என்றேன். நாலஞ்சு மாசம் என்றார். எனக்குச் சனிக்கிழமைக்குள்ள வேணும் என்றேன். ரிப்பேருக்கு விட்ட மிக்ஸியா சார் இது என்றார்.

கருவியைக் கழற்றி எறிந்துவிட்டேன். மிதியடிக்கு அடியில் ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறேன். எட்டு நாளாக என் சொந்த வீட்டுக்குள் திருடன்போல நுழைந்து சுவரைப் பார்த்து உட்காருகிறேன். நான் நுழைந்தபோது முதல் நாள் மூன்று தடவை, அப்புறம் இரண்டு, இரண்டு, ஒன்று, பூஜ்யம், ஒன்று, கடைசி இரண்டு நாளும் பூஜ்யம். ஆனால் புதன்கிழமை கூரியர்காரர் வந்தார், நல்லா இருக்கியாடா குட்டி என்று ஒரு வார்த்தைதான் கேட்டார், போச்சு. நாளைக்கு வருகிறவர் குரலோ கிளினிக் கதவு மூடியிருந்தாலும் தெருவுக்குக் கேட்கும். நாயைப் பார்க்காதீங்க, பேசாதீங்க, ஓரமா நில்லுங்க என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். ஊருக்கே வாயைத் திற வாயைத் திற என்று சொல்லிப் பழகியவரை வாயை மூடிக்கொண்டு வா என்று எப்படிச் சொல்வது. இங்கே நாலாவது மாடியில் லிஃப்ட் நிற்கிறது, கூப்பிடுகிறார்கள், மிச்சத்தை நாளை எழுதுகிறேன், எப்படி முடிந்தாலும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை, பிற்பகல்

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். நான் படியிலேயே நிறுத்தி நிபந்தனைகளைச் சொன்னேன். என் வீட்டுக்குள்ள நான் திருடன் மாதிரி வரணுமா தம்பி என்றார். நான் ஒரு வாரமா அப்படித்தான் வர்றேன் சார் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார், மூக்கால் மூச்சு விட்டார், ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னபடியே சத்தமில்லாமல் வந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். பொத்தான் உள்ளறையிலிருந்து வந்தது. அவர் காலை முகர்ந்தது, வால் ஆடியது, காது மடங்கியது. காது மடங்கினால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். டாக்டர் அசையவில்லை. காது மெல்ல நிமிர்ந்தது, தரை காய்ந்தபடியே இருந்தது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். அம்மா டீ கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்ததும் டாக்டருக்கு நிபந்தனையெல்லாம் மறந்துவிட்டது, பரவாயில்லையே தம்பி, நல்லாத்தான் இருக்கு என்று கூரை அதிரச் சிரித்தார். பொத்தான் ஒரே தாவலில் என் மடியில் ஏறிக்கொண்டது. ஏறிய வேகத்தில் விட்டுவிட்டது. முழுக்க என் மேல். தொடையெல்லாம் வெதுவெதுப்பாக இறங்குகிறது. நான் எழுந்தால் தரையில் ஒழுகும், கத்தினால் இன்னும் வரும். சீருடையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே உதவியாளரை நான் என்ன பாடு படுத்துவேன் என்று உனக்குத் தெரியும். நான் அசையவில்லை. நெஞ்சைச் சொறிந்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் தன் கிளினிக் நாற்காலி ஏற மாட்டேன் என்கிறது, பிஸ்டனா பம்பா என்று சந்தேகம் கேட்டார், பம்புதான் சார் என்று பதில் சொன்னேன். அம்மா பார்த்துவிட்டாள், ஒன்றும் தெரியாதவள்போல ஒரு துண்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, நாய்க்குக் குளிருது போல என்றாள். பதினோரு நிமிடம். டாக்டர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தது, இருக்கட்டும், நாய் இருக்கட்டும் என்று சொல்லி இறங்கிப் போனார்.

ஜெயித்தாகிவிட்டது, கால்சட்டையை மாற்றிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அம்மாவும் அதையேதான் சொன்னாள். ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஓடாத லிஃப்டுக்கு ஓடுகிறது என்று நான் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஓட்டை அங்கேயேதான் இருக்கிறது, நாளைக்கு அம்மா கை தவறி ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாலும் பழி பொத்தான் மேல்தான் விழும், அப்புறம் அதைச் சங்கிலியில்தான் கட்டுவார்கள். கீழே போனேன். நோயாளி இல்லாத நேரம். மடியில் நடந்ததைச் சொன்னேன், கருவியைச் சொன்னேன், ஓட்டையைச் சொன்னேன், சொட்டு விழுந்தது என்னால்தான் நாயால் இல்லை என்றும் சொன்னேன். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். கடைசியில், முப்பது வருஷமா ஓட்டை அடைக்கிறேன், ஓட்டைக்கு நான்தான் காரணம்னு ஒத்துக்கிட்டு எவனும் வந்ததில்ல, எல்லாரும் மிட்டாயைத்தான் சொல்லுவானுங்க என்றார். சிரிக்கவில்லை, கோபமாகத்தான் சொன்னார். பலகையை மாற்றி, கூரையைப் பூசி, வெள்ளையடித்துத் தர வேண்டும், அந்த நாற்காலிப் பம்பையும் சரி செய்ய வேண்டும், எல்லாம் என் செலவு. இன்னொரு சொட்டு விழுந்தா நாய் இருக்கட்டும், நீ வெளிய போயிடணும் என்றார். நியாயம்தான்.

காவலாளியிடம் நாய் இல்லை என்று சொல்லிவிட்டேன். பொத்தான் நம் வீட்டில்தான் இருக்கும். இனி இந்தத் தரை விஷயத்தில் உன்னிடம் பாதி சொல்லி மீதி மறைக்க மாட்டேன், அன்று கத்தியதற்கு வருந்துகிறேன், இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

லீவுக்கு வரும்போது வாசலில் நின்று அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் கீழே வெள்ளமே போகும். சத்தமில்லாமல் உள்ளே வந்து ஓரமாக உட்கார், அது தானாக வரும். நானும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறேன், மார்க் எவ்வளவு, ஏன் போனை எடுக்கவில்லை, எதையும் கேட்க மாட்டேன். உங்களால முடியாது என்று உன் அம்மா பக்கத்திலிருந்து சிரிக்கிறாள். நாய்க்காக எட்டு நாள் இருந்தவன் மகளுக்காக இருக்க மாட்டேனா.

நல்ல உடம்போடு, நினைத்தது நடந்து, நிறைவாக இரு. உன் அறை ஹீட்டரின் வயரில் டேப் சுற்றி ஓட்டுகிறாய் என்று கேள்விப்பட்டேன், இந்த வாரமே புது வயர் மாற்று, அதில் மட்டும் சமாதானம் கிடையாது. பதில் போடு, திட்டி எழுதினாலும் சரி.

உன் வருகையைப் பார்த்திருக்கும்
அப்பா